வேலிக்கு மேலே ஒரு கிளை

கப்பலில் இருக்கும் என் மகன் தம்பிக்கு,

இந்தக் கடிதம் ரங்கூனில் உன் கையில் சேருமோ, உன் கப்பல் கிளம்பிப்போய் அடுத்த துறைமுகத்துக்கு இது பின்னாலேயே ஓடி வருமோ, தெரியவில்லை. எங்கே பிரித்தாலும் நல்ல செய்தியை முதலில் படித்துக்கொள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பத்து பாகாட் டவுனுக்குப் போகிற பஸ் கிளம்பிப் போய்விடும் என்று உன் பெண்டாட்டி அஞ்சலை கேலி செய்கிறாள். செய்யட்டும். சாஆ ரப்பர் தோட்டத்தில் இருக்கிற உன் தங்கச்சியின் மூத்தவனை ஆஸ்பத்திரியில் டிரெசர் வேலை பழக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு புண்ணுக்கு மருந்து கட்டுகிறான். பெரிய கங்காணிகூட அவன் முன்னால் காலை நீட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறாராம். அவளுடைய பெண் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் முதலாவது. தைப்பூசத்துக்குப் பாட்டுப் பாடி ஒரு பித்தளை விளக்கு பரிசு வாங்கியிருக்கிறாள். அடுத்த வருஷம் அவள் என் படிப்பை எட்டிப் பிடித்துவிடுவாள், அதற்கு மேலும் போவாள். நீ கப்பலேறும்போது தவழ்ந்துகொண்டிருந்த உன் பாப்பா இப்போது சிலேட்டில் அகரம் முதல் ஔகாரம் வரை எழுதுகிறாள். ஔ மட்டும் கால் ஒடிந்த கோழி மாதிரி இருக்கும். உன் மகன் செல்வம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கணக்கில் யாருக்கும் இடம் கொடுப்பதில்லை. மாஸ்டரே அவனை எழுப்பிக் கரும்பலகையில் மற்றப் பையன்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்கிறாராம். பத்து பாகாட்டில் அவன் தங்கியிருக்கிற கடைக்கார மாமா வந்து சொன்னபோது என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் கடிதத்தை ஒருநாளும் கடைத்தெரு எழுத்துக்காரரிடம் கொடுத்ததில்லை. இந்தக் கடிதத்தைக் கொடுக்கவே முடியாது. இதில் இருப்பதை இன்னொருவர் காதில் போட்டு எழுதச் சொல்ல என்னால் ஆகாது. நீயும் தனியாக இருக்கும்போது படி. என்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டு படிக்காதே.

விஷயம் வேலி. செல்வம் கட்டிய வேலி. பள்ளிக்கூடத்தில் அவன் மாஸ்டர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வருஷா வருஷம் பழுதாகிற ஒரு பொருளை வீட்டில் பார்த்து எடுங்கள், அதைவிட நல்லதாக ஒன்று செய்யுங்கள், செய்ததோடு விடாமல் அதைச் சோதித்துப் பாருங்கள், எதைத் தாங்கியது எதைத் தாங்கவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் விளக்கு, கோழிக்கூண்டு, கிணற்றுக் கயிறு என்று எடுத்தார்களாம். நம்மவன் வேலியை எடுத்தான். அவன் அப்பாவின் பிள்ளை அல்லவா.

நம் பழைய வேலி உனக்கு மறந்திருக்காது. மூங்கிலை நட்டுப் பிரம்பால் கட்டுவோம். மழை முடிந்ததும் பாதி சாய்ந்திருக்கும், மீதியைக் கரையான் தின்றிருக்கும், மறுபடியும் மூங்கில் வெட்டப் போகவேண்டியதுதான். உன் அப்பா வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டிய கையோடு வேலிக்குப் போய்விடுவார். நீ பிரம்பை இழுத்துப் பிடிப்பாய். கை நழுவினால் திட்டுவார். நீ அழாமல் பல்லைக் கடித்துக்கொள்வாய். ஊருக்கு ஒரு வேலி இருக்கிறது என்று காட்டத்தான் அந்த வேலி, காட்டுப் பன்றி அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. உன் அண்ணனின் தென்னங்கன்று போனதும் அந்த வேலியால்தான். அந்தக் கதையை நீ அரைகுறையாகக் கேட்டிருக்கிறாய். இப்போது முழுதாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

உன் அப்பா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் ஒரு கன்று நடுவார்கள். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கும்வரை அந்த மரத்தில் இரும்பு படக்கூடாது. கடல் தாண்டி இந்தக் காட்டுக்கு வந்தும் அவர் அதை விடவில்லை. உன் அண்ணனுக்குத் தென்னை, உனக்குப் பலா. உன் அண்ணன் நடக்கப் பழகிய மழைக்காலத்தில் பன்றிகள் மூக்காலேயே வேலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தன. கன்றைக் குருத்தோடு தோண்டித் தின்றுவிட்டுப் போயின. அந்த மாதம் முடிவதற்குள் காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அந்த மாதத்தில் காய்ச்சல் நுழையாத வீடு இல்லை. தோட்டத்துக் கூலி லயங்களில் எத்தனையோ பிள்ளைகள் போயின, அவர்களுக்கெல்லாம் மரம் ஏது. இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. நீ பிறந்து பலாக்கன்றை நட்டதும் உன் அப்பா அதற்கென்று தனியாக ஒரு வேலி கட்டினார். வீட்டுக்குக்கூட அவ்வளவு நெருக்கமாகக் கட்டியதில்லை. பிறகு நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெருங்காற்றில் அந்த மரத்தின் கீழ்க்கிளை முறிந்தது. அதே வாரம் நீ மரப்பாலத்திலிருந்து விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டு வந்தாய். மழை வந்தால் இன்னும் அந்தக் கை வலிக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் அப்பா சாகும்போது மாட்டைப் பற்றிச் சொல்லவில்லை, வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த மரத்தில் கத்தி வைக்க விடாதே என்றுதான் சொன்னார்.

இனி உன் மகன் கட்டிய வேலியைக் கேள். போன விடுமுறைக்கு வந்தபோதே ஆரம்பித்துவிட்டான். மூங்கில் வேண்டாம் என்று சதுப்பில் நிற்கிற நீபோங் பனையைப் பிளந்துகொண்டு வந்தான். அதன் துண்டுகளில் ஒன்றைச் சும்மா, ஒன்றை அடி கருக்கி, ஒன்றைக் கருக்கித் தாரும் பூசி, வேலியோரம் புதைத்துவிட்டுப் போனான். இந்த விடுமுறைக்கு வந்ததும் சோறு தின்பதற்கு முன்னால் அதைத்தான் தோண்டினான். சும்மா நட்டது கையோடு நொறுங்கி வந்தது. கருக்கித் தார் பூசியது நட்ட மாதிரியே இருந்தது. அப்படியே எல்லாவற்றையும் கருக்கித் தார் பூசி நட்டான். நேராக நடவில்லை, தலை வெளிப்பக்கம் சாய்ந்தாற்போல நட்டான், ஏறுகிறது மல்லாந்து விழட்டும் என்று. அடியில் வாய்க்கால் மாதிரி வெட்டி, ஒரு முழு மரத்தைப் படுக்க வைத்து மண் மூடினான், பன்றியின் மூக்கு நுழையாதபடி. மேலே மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்து வரிசையாக அடித்தான், நகம் பிடிக்காதபடி. வாசல் கதவுக்கு ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். நாம் திறந்துவிட்டு மறந்து போனாலும் அது தானாக மூடிக்கொள்ளும், மேலே மரத்தாழும் விழுந்துகொள்ளும்.

சோதனை நடந்த அன்று நம் வீட்டில் திருவிழாக் கூட்டம். பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனர் ஆ செங் தன் வீட்டுத் தாய்ப்பன்றியைக் காலையிலிருந்து பட்டினி போட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். செல்வம் வேலிக்கு உள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெட்டிப் போட்டான். பன்றி வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து தோண்டியது, படுக்கவைத்த மரம்வரை தோண்டியது, அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆ செங் தனக்குத் தெரிந்த மலாயில், இந்தப் பன்றிக்கு மானம் போய்விட்டது, இனிமேல் இது என்னிடமும் சாப்பிடாது என்றார். எல்லாரும் சிரித்தோம். வண்டிக்காரர் வீட்டுக் காளையைக் கயிற்றில் பூட்டி ஒரு கம்பத்தை இழுக்கவிட்டான். கயிறுதான் அறுந்தது. கடைசியில் பாப்பாவை உள்ளே விட்டுக் கதவைத் திறக்கச் சொன்னான். அவள் தள்ளினாள், இழுத்தாள், தாழுக்குக் கை எட்டாமல் உட்கார்ந்து அழுதாள். அஞ்சலைக்கு அதுதான் எல்லாவற்றையும்விட சந்தோஷம். "நல்லதாப் போச்சு. இனிமே இவ ஆத்துப் பக்கம் ஓடிடுவாளோன்னு மரம் வெட்டுற எடத்துல எனக்குக் கத்தி தவறாது" என்றாள். அவள் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள், அவளுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. திறக்க முடியாததும் தேறியது என்றே எழுதிக்கொண்டோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. 

ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் நானும் செல்வமும் பேசிக்கொள்ளவில்லை. வேலி கட்டுவதற்கு முன்பே அவன் அடுப்படிக் கதவின் பின்புறத்தில் கரியால் படம் போட்டிருந்தான். வீடு, கிணறு, ஆட்டுக்கொட்டில், வேலி, எல்லாம் அதில் இருந்தன. உன் பலாமரம் இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி, வெட்டவேண்டும் என்று. மரம் எப்படி நிற்கிறது என்று உனக்குத் தெரியும். அடி வேலிக்கு வெளியே, சாய்ந்து வளர்ந்து தலை முழுக்க நம் முற்றத்துக்கு மேலே. நீ போன பிறகு அந்தப் பக்கத்துக் காடும் வளர்ந்து, காட்டு மரக் கிளைகளும் உன் மரத்துக் கிளைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. நான் அந்தக் குறியை முந்தானையால் அழித்தேன். மறுநாள் அது மறுபடியும் இருந்தது. மறுபடியும் அழித்தேன். அவனும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பேச்சை யாரும் எடுக்காமல் சுற்றிப் போனால் கெட்டது அந்த இடத்தில்தான் வந்து உட்காரும், தம்பி. உனக்கும் அஞ்சலைக்கும் நடுவில் அப்படி ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

வேலி கட்டி முடித்துக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். காலையில் கொட்டிலைத் திறந்தால் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று இல்லை. கதவு மூடியபடி இருந்தது, தாழ் விழுந்தபடி இருந்தது. செல்வம் வேலியை ஒரு கம்பு விடாமல் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தான். ஒரு கீறல் இல்லை. மண் கிளறவில்லை. யாரோ கதவைத் திறந்து திருடியிருக்கிறார்கள் என்று அஞ்சலை சொன்னாள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அப்போது பாப்பா முற்றத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். பயந்து கூப்பிடவில்லை, ஒரு பூ பூத்ததைக் காட்டுகிற மாதிரிக் கூப்பிட்டாள். "அப்பாயி, பலா மரத்துலேருந்து செவப்பா பால் வடியுது."

தகரத்தின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து காய்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கவட்டைக் கிளையில், பலாப்பிஞ்சுகளுக்கு நடுவில், குட்டியின் பின்னங்கால் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

பாப்பாவின் கண்ணை மூடி உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். செல்வம் ஓடிப்போய் மலாய்க்காரர்கள் இருக்கும் கம்பத்திலிருந்து பாக் சாலேயைக் கூட்டிக்கொண்டு வந்தான். உனக்கு ஆற்றில் தூண்டில் போடச் சொல்லிக்கொடுத்தாரே, அவரேதான், வயதாகிவிட்டது. அவர் மரத்தடியில் நகம் பட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கிளையோடு ஒட்டியிருந்த மயிரை எடுத்தார். கன்னங்கறுப்பு. அதன் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை, பெரியவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மட்டும் மலாயில் மெதுவாகச் சொன்னார். கருஞ்சிறுத்தை. பழக்கமில்லாத இடத்தில் அது இரையை மேலே ஏற்றி வைத்துச் சாப்பிடாது, பல நாளாக இந்தக் கிளையில் படுத்து உங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும் என்றார். பல நாள் என்றால், நாங்கள் பன்றியைப் பார்த்துச் சிரித்த அன்றும் இருந்திருக்கலாம். பாப்பா கதவைத் தள்ள முடியாமல் அழுதபோது மேலே இருந்து அதுவும் பார்த்திருக்கலாம்.

அன்றைக்குத்தான் செல்வம் என்னிடம் நேராகப் பேசினான். "வேலியில குத்தம் இல்ல அப்பாயி. ஆனா மேலேருந்து வர்றத அது ஒண்ணும் பண்ணாது. உள்ள இருக்கிறதுங்க வெளிய ஓட முடியாம பண்ணும், அவ்வளவுதான். இப்ப இது வேலி இல்ல, பட்டி" என்றான். மரத்தை வெட்டவேண்டும் என்றான். நான் அவனை உட்காரவைத்து இந்த வழக்கத்தையும், உன் அண்ணன் கதையையும், தாத்தா சொன்ன சொல்லையும் சொன்னேன். அது உங்கப்பன் உடம்புடா என்றேன். பெரியப்பா செத்தது காய்ச்சலால், கன்று செத்தது பன்றியால் என்று ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப பாப்பா?"

பிள்ளை என்னை மதிக்காமல் இல்லை. வெட்டாமல் ஆகக்கூடியது எல்லாவற்றையும் செய்து பார்த்தான். மரத்தின் அடியில் தகரத்தைச் சுற்றினான். ஆணி அடிக்கக்கூடாது என்றேன், பிரம்பால் கட்டினான். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை தகரத்தில் ஒரு கோடு இல்லை, ஆனால் மேல் கிளையில் புதிதாகப் பட்டை உரிந்திருந்தது. காட்டு மரத்திலிருந்து உன் மரத்துக்குத் தாண்டியிருக்கிறது. ஊர்த் தலைவர் பெங்குலுவின் மருமகன் துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்து பார்த்தான். அவன் இருந்தவரை எதுவும் வரவில்லை. வேலியைத் தள்ளிப் போடலாம் என்றால் கிணறு வெளியே போய்விடும், காட்டுப் பக்கம் இழுத்தால் காட்டு மரமே உள்ளே வந்துவிடும். கிளையை மட்டும் கழிக்கலாமா என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு அன்று முழுவதும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கிளை உன் வலது கை, எந்தக் கிளை உன் கால் என்று. ஒரு தாய் அப்படி நின்று பார்க்கக்கூடாது. ஆனால் நின்றேன். எந்தக் கிளையை எடுத்தாலும் அடிமரமே முற்றத்துக்கு மேலே சாய்ந்திருக்கிறது, பலன் இல்லை என்று செல்வம் சொல்லிவிட்டான்.

நேற்று முன்தினம் நல்ல வெயில். அஞ்சலை வேலை முடிந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பாப்பா முற்றத்தில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டிலில் ஆடுகள் காலைத் தட்டிக்கொண்டே இருந்தன, ஆனால் ஒன்றும் கத்தவில்லை. ஆடு கத்தாமல் காலை மட்டும் தட்டி நான் பார்த்ததில்லை. அப்போது பாப்பாவின் சிலேட்டின்மேல் ஒரு பலா இலை விழுந்தது. பச்சை இலை. காற்றே இல்லை. இன்னொரு இலை விழுந்தது. அஞ்சலை தலையைத் தூக்கவில்லை, கத்தவில்லை. நடந்து வந்தாள், ஓடவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் பின்னாலேயே போனேன். வெளியே ஏதோ கனமானது கிளை மாறுகிற சத்தம் கேட்டது. பட்டப்பகலில், தம்பி. அதற்கு இப்போது நம் மேல் பயம் போய்விட்டது.

உள்ளே அஞ்சலை பிள்ளையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அந்த மரம் உனக்கு என்ன என்று அவளுக்கும் தெரியும், கல்யாணமாகி வந்த அன்றே உன் அப்பா அவளை அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவைத்தாரே. நான் என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்மேல் இருக்கிறது.

"அவருக்கு ஒண்ணு ஆனா என் கழுத்துல இருக்கிறது போயிடும். இவளுக்கு ஒண்ணு ஆனா சாகுற வரைக்கும் என் வயிறு எரியும். ரெண்டுல எதுன்னு என்னைக் கேக்காதீங்க அத்தை. அவரு இங்க இருந்தா என்ன சொல்லுவாரு, அத மட்டும் சொல்லுங்க."

நீ என்ன சொல்லுவாய் என்று உன்னை எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை அந்தக் கிளை காலியாக இருக்காது. போன தீபாவளிக்கு முன்னால் வந்ததுதான் உன் கடைசிக் கடிதம். செல்வத்துக்கு விடுமுறை முடிகிறது, அவனும் போய்விட்டால் வீட்டில் நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள்தான். அதனால் உனக்குப் பதிலாக நானே பதில் சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன் என்று கேள்.

அப்போது உன் தங்கச்சிக்கு நாலு வயது இருக்கும். நான் ஆற்றில் துணி துவைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். கோரைப்பல் தந்தம்போல் நீண்ட ஒரு தனிப் பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு முற்றத்துக்குள் வந்துவிட்டது. நான் தூரத்திலிருந்து பார்க்கிறேன். நீ தங்கச்சியைத் தூக்கி வேலிக்கு மேலாக வெளியே போட்டாய். உனக்கும் தாண்ட நேரம் இருந்தது. தாண்டவில்லை. அது அவள் பக்கம் திரும்பாமல் இருக்க, உள்ளேயே நின்று கையில் கிடைத்த சட்டியைத் தட்டிக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடினாய். பன்றி வந்த வழியே போய்விட்டது, நம் நல்ல காலம். நான் வந்து உன்னைக் கட்டிப் பிடித்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாக உன்னை அடித்தேன். நீ ஏன் தாண்டவில்லை, ஏன் தாண்டவில்லை என்று அடித்தேன். நீ ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்தப் பதில் எனக்கு நேற்று முன்தினம்தான் தேவைப்பட்டது. அன்று நீ செய்ததைத்தான் அஞ்சலையிடம் சொன்னேன்.  அவள் எழுந்து போய்க் கோடாலியை எடுத்து வந்து, சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்தாள்.

நாளைக் காலை வெட்டப்போகிறோம். பாக் சாலேயும் ஆ செங்கும் கயிறு பிடிக்க வருகிறார்கள். மரம் முற்றத்துப் பக்கம் விழாமல் காட்டுப் பக்கம் இழுக்கவேண்டுமாம். நான் அடியில் பால் ஊற்றி மஞ்சள் துணி கட்டிச் சொல்லிக்கொள்வேன். முதல் வெட்டு என்னுடையது. உன் பிள்ளை கைக்கோ உன் பெண்டாட்டி கைக்கோ அந்தப் பாவம் வேண்டாம். பெற்ற கைதான் அதைச் செய்யவேண்டும். உன் அப்பாவுக்கு நான் போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதற்கும் எனக்கு ரொம்ப நாள் இல்லை. செல்வம் மாஸ்டருக்கு எழுதியிருக்கிற தாளில் வேலி தேறவில்லை என்றுதான் எழுதியிருக்கிறான். பன்றி, காளை, கரையான் எல்லாவற்றையும் தாங்கியதே, தேறியது என்று எழுதடா என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார் அப்பாயி என்றான். கதவுத் தாழைப் பாப்பாவுக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கிவிட்டான். இரண்டு தரம் திறக்கச் சொல்லிப் பார்த்தான், திறந்தாள். வெட்டுகிற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் வாசலுக்கு நிலைக்கால் செய்யலாம், அப்பா வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும் என்கிறான். அவன் நல்லதாகத்தான் சொல்கிறான். ஆனால் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீ நிற்கிறாயா கிடக்கிறாயா என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கட்டையில் உளி வைக்கவேண்டும்.

நீ ஜாக்கிரதையாக இரு. இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் நடந்தது நடந்திருக்கும், நான் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கப்பல் ஆடும்போது கைப்பிடியை விடாதே. ஓடுகிற என்ஜினுக்குள் கையைக் கொடுக்காதே. கப்பல் மேஸ்திரி செராங்கோடு வாய் வளர்க்காதே. இடது கை வலித்தால் வலிக்கிறது என்று சொல், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே.

எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே அலமாரியில் இருக்கிறதே, நாற்காலியில் உட்கார்ந்து கோட்டுப் போட்டுக்கொண்டு, அந்த மாதிரி வேண்டாம். நின்றுகொண்டு எடு. கோட்டைக் கழற்றிவிடு. இரண்டு கையும் தெரியவேண்டும், இரண்டு காலும் தெரியவேண்டும். பின்பக்கத்தில் என்றைக்கு எடுத்தது என்று உன் கையெழுத்தில் எழுது, வேறு யாரையும் எழுதவிடாதே. முன்னால் எடுத்தது ஏதாவது கையில் இருக்கிறது என்று அதைப் போட்டு அனுப்பிவிடாதே, தம்பி. பழைய படத்தில் நீ எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறாய். இதைப் படித்து முடித்த பிறகு எடுத்த படமாக ஒன்று அனுப்பு.

உன் அம்மா